12.7ஆ, 14ஆ: முன் பிரேக்குக்கு எந்த மாஸ்டர் சிலிண்டர்?

என் 150 சி.சி. மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் இரட்டைப் பிஸ்டன் கலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பகுதி) பூட்டியபோது, அதற்கு ஏற்ற மாஸ்டர் சிலிண்டரும் (லீவரைப் பிடித்தால் பிரேக் எண்ணெயைக் கலிப்பருக்குத் தள்ளுவது) தேவைப்பட்டது. கடையில் இருந்தவை பிஸ்டன் விட்டம் 12.7 மி.மீ., 14 மி.மீ. என்ற இரண்டும்தான். நான் 12.7ஐ எடுத்தேன், இப்போதும் அதன் பக்கம்தான்.

விலையில் பெரிய வித்தியாசமில்லை. அளவு பெரும்பாலும் அடிப்பக்க வார்ப்பிலேயே இருக்கும். 1/2 (அங்குலம்) என்று இருந்தால் அது 12.7.

கலிப்பர் பிஸ்டன்களின் பரப்பை மாஸ்டர் பிஸ்டனின் பரப்பால் வகுத்துப் பாருங்கள். இந்த விகிதம் கூடினால் விரலுக்கு அழுத்தம் குறையும், ஆனால் லீவர் அதிகம் உள்ளே வரும். என்னுடையதில் 27 மி.மீ. பிஸ்டன்கள் இரண்டும் ஒரே பக்கம். 12.7க்கு விகிதம் 9, 14க்கு 7.4. (இரு பக்கமும் பிஸ்டன் உள்ள கலிப்பர் என்றால் ஒரு பக்கத்தை மட்டும் எண்ணுங்கள்.) லீவர் ஒரே மாதிரி என்றால், அதே பிடிக்கு 14இல் விரல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக அழுத்த வேண்டும். வண்டியில் இருந்த பழைய 11 மி.மீ. மாஸ்டர் சிலிண்டரை விட்டுவைத்தால் விகிதம் 12. லீவர் கைப்பிடியை நெருங்கிவிடும், அது சரிவராது.

14இன் லீவர் கல்லு மாதிரி. ஏ9 வீதியின் தாரில் அது நல்லாய்த்தான் இருக்கும். மாங்குளத்தில் திரும்பி உள்ளே கிரவலில் இறங்கினால்தான் வித்தியாசம் தெரியும். லீவர் அசையும் தூரம் குறைவு, அழுத்தம் மட்டும் ஏறுகிறது. சில்லு எப்போது இறுகி வழுக்கும் என்று விரலுக்குப் பிடிபடாது. 12.7இல் லீவர் சற்றுக் கூட உள்ளே வருகிறது. அந்தத் தூரத்துக்குள்தான் அளந்து பிடிக்க இடம் கிடைக்கிறது. இரவில் வளைவு தாண்டியதும் வீதியில் மாடு படுத்திருந்தால், இரண்டு விரலால் பிடித்து, முன்சில்லு நழுவத் தொடங்கும்போதே கொஞ்சம் விட்டு, மறுபடி பிடிக்கலாம். நம்ம பக்கத்து ரோட்டுக்கு எனக்கு இதுதான் முடிவான விஷயம்.

14ஐ நான் ஓட்டியது நண்பரின் வண்டியில், கொஞ்ச நேரம்தான். பின்னால் ஆளும் நெல்மூட்டையும் ஏற்றி ஓடிப் பார்த்ததில்லை. முன்னால் இரண்டு டிஸ்க் உள்ள பெரிய வண்டி என்றால் கணக்கே வேறு, இந்த இரண்டில் அங்கே 14தான் பொருத்தம்.

அப்புறம், லீவர் மெதுமெதுவென்று இருந்தால் உடனே அளவைக் குறை சொல்லாதீர்கள். முதலில் பிரேக் எண்ணெயில் சிக்கிய காற்றை எடுங்கள். பழைய ரியூப் துண்டால் லீவரை இழுத்துக் கட்டி இரவு முழுக்க விட்டால், மிச்சக் குமிழிகள் மேலே ஏறும். அதற்கும் சரிவராவிட்டால் றப்பர் ஹோஸைப் பாருங்கள். பழசானால் அழுத்தத்துக்கு வீங்கும்.