ப்ளவ் லேன் மைதானம்: கதை தெரிந்துகொண்டு போக வேண்டிய இடம்

விம்பிள்டன் என்றதும் நம்மவர்களுக்கு இரண்டுதான் நினைவுக்கு வரும்: டென்னிஸ், எஃப்ரா ரோடு கணபதி கோயில். கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ப்ளவ் லேனில், ஒரு கால்பந்து மைதானமும் இருக்கிறது. ஏஎஃப்சி விம்பிள்டன் கிளப்பின் மைதானம். நான் டூட்டிங்கில் குடியிருக்கிறேன். மகளுக்குக் கால்பந்து என்றால் உயிர். பிரீமியர் லீக் டிக்கெட் விலையில் குடும்பமாகப் போவது கட்டுபடியாகாது என்று பக்கத்தில் தேடியபோது கிடைத்த இடம் இது. இப்போது சனிக்கிழமை இங்கே ஆட்டம் என்றால் மதியத்துக்கு மேல் நாங்கள் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை.

லண்டனில் பிள்ளைகளோடு கால்பந்து பார்க்க எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனால் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். தெரியாமல் போனால் சுமார் 9,000 பேர் கொள்ளும் சின்ன மைதானமும் கீழ் டிவிஷன் ஆட்டமும் மட்டும்தான் கண்ணில் படும்.

முதலில் இருந்தது பழைய விம்பிள்டன் அணி. 1889இல் விம்பிள்டன் காமன் திடலில் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் சேர்ந்து தொடங்கியது. 1912இல் ப்ளவ் லேனுக்கு வந்தார்கள். வெகுகாலம் அமெச்சூர் அணிதான். 1963இல் அமெச்சூர் கோப்பையை வென்றபோது எடி ரெனால்ட்ஸ் நான்கு கோல் அடித்தார், நான்குமே தலையால் முட்டியவை. 1975இல் லீக்கிலேயே, அதாவது இங்கிலாந்தின் மேல் நான்கு டிவிஷன்களிலேயே, இல்லாத இந்த அணி, பெரிய கிளப்பும் சின்ன கிளப்பும் மோதும் எஃப்ஏ கோப்பையில் பர்ன்லியை அவர்கள் மண்ணிலேயே தோற்கடித்தது. அடுத்த சுற்றில் லீட்ஸுடன் ஆட்டம். கோல் கீப்பர் டிக்கி கை, பீட்டர் லோரிமரின் பெனால்ட்டியைத் தடுத்தார், ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. 1977இல்தான் லீக்கில் இடம் கிடைத்தது. ஒன்பதே ஆண்டில், 1986இல், அப்போது எல்லாவற்றுக்கும் மேலே இருந்த முதல் டிவிஷனுக்கு ஏறிவிட்டார்கள். 1988 மே 14, வெம்ப்ளி, எஃப்ஏ கோப்பை இறுதிப் போட்டி. எதிரே அந்த ஆண்டின் லீக் சாம்பியன் லிவர்பூல். லாரி சான்செஸ் தலையால் தட்டிவிட்ட ஒரே கோலில் வெற்றி. கேப்டனும் கீப்பருமான டேவ் பீசன்ட், ஜான் ஆல்ட்ரிஜின் பெனால்ட்டியைத் தடுத்தார். வெம்ப்ளியில் நடந்த எஃப்ஏ கோப்பை இறுதிப் போட்டிகளில் அதுவரை யாரும் பெனால்ட்டியைத் தடுத்ததில்லை.

அப்புறம்தான் சோதனை. 1991இல் பழைய ப்ளவ் லேனை விட்டு வெளியேறி, கிரிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஒண்டுக்குடித்தனம். 2000இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியாயிற்று. 2002 மே மாதம், கிளப்பை சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸ் நகரத்துக்கு எடுத்துப்போக உரிமையாளர்களுக்கு, கால்பந்துச் சங்கம் (எஃப்ஏ) அமைத்த மூன்று பேர் கொண்ட ஆணையம் அனுமதி கொடுத்தது. ஊர்க்காரர்கள் புதிதாக ஒரு கிளப்பைத் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்த அறிக்கையில் எழுதினார்கள்.

ஆனால் ஊர்க்காரர்கள் தொடங்கினார்கள், அதுதான் இன்றைய ஏஎஃப்சி விம்பிள்டன். சில வாரங்களிலேயே, பழைய அணி பிறந்த அதே விம்பிள்டன் காமனில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க அழைப்பு விடுத்தார்கள். 230 பேர் வந்தார்கள். ஜூலை 10 அன்று சட்டன் யுனைடெட்டுடன் முதல் ஆட்டம், 4-0 என்று தோல்வி. பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். மேலிருந்து எண்ணினால் ஒன்பதாவது படியில், பூங்காத் திடல் போன்ற மைதானங்களில் விளையாடத் தொடங்கி, 2003 பிப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. 2011 மே மாதம் லூட்டனைப் பெனால்ட்டி ஷூட்அவுட்டில் வென்று லீக்குக்குள் வந்துவிட்டார்கள். கடைசிப் பெனால்ட்டியை அடித்தவர் டேனி கெட்வெல். ஒன்பது பருவங்களில் ஐந்து முறை மேலே ஏறியிருக்கிறார்கள்.

இந்தக் காலமெல்லாம் புதிய கிளப்பின் மைதானம் கிங்ஸ்டனில் இருந்தது. சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை. கிங்ஸ்டன் மைதானத்தைச் செல்சிக்கு விற்றார்கள். போதாத பணத்துக்கு ரசிகர்களிடமே கடன்பத்திரம் விற்று 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். பழைய மைதானம் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. அதற்குக் கூப்பிடு தூரத்தில், நாய்ப் பந்தயம் நடந்த இடத்தில் கட்டியதுதான் இன்றைய மைதானம். 2020 நவம்பர் 3 அன்று டான்காஸ்டருடன் முதல் ஆட்டம். கொரோனாக் காலம் என்பதால் பார்வையாளர் ஒருவர்கூட உள்ளே இல்லை. இருபத்தொன்பது ஆண்டு காத்திருந்தவர்கள் வீட்டில் திரைக்கு முன்னால் இருந்தார்கள். இடம்பெயர்ந்து வந்த எனக்கு இந்தக் கதையில் நெஞ்சைப் பிடிக்கிற இடம் அதுதான்.

சரி, போனால் எப்படி இருக்கும்? ஹெய்டன்ஸ் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் சிறிது நடைதான். டூட்டிங் பிராட்வேயிலிருந்தும் நடக்கலாம், நாங்கள் அப்படித்தான் போவோம். கார் வேண்டாம், சுற்றுவட்டத் தெருக்களில் நிறுத்த இடம் தேடியே நேரம் போய்விடும். மேற்கு ஸ்டாண்டு மட்டும்தான் உயரமானது, மழை நாளுக்கு அதுவே வசதி. ஆனால் எனக்குப் பிடித்தது தாழ்வான பக்கங்களில் முன்வரிசை. கீப்பர் தன் டிஃபெண்டர்களைத் திட்டுவது வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். கோல் கிக் எடுக்கும்போது பூட்ஸ் பந்தில் படும் சத்தம் காதில் விழும். ஒருமுறை பந்து எங்கள் வரிசைக்கு வந்தது. மகள் எடுத்துக் கொடுத்தாள். த்ரோ போட வந்த ஆட்டக்காரர் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார். பெரிய மைதானங்களில் மேல்தளத்து இருக்கையில் இதெல்லாம் நடக்காது.

பக்கத்தில் உட்காருகிறவர்கள் கதைக்கக் கூடியவர்கள். நீலமும் மஞ்சளுமாகக் கழுத்துத் துணி சுற்றிய பெரியவர் ஒருவர், 1988 கோப்பையைப் பற்றிச் சொல்வார் என்று நினைத்தால், சட்டனில் நாலு கோல் வாங்கித் தோற்ற அந்த மாலையைத்தான் இடைவேளை முழுக்கச் சொன்னார். தோற்ற அணிக்காக ஆட்டம் முடிந்ததும் மைதானத்துக்குள் ஓடிக் கொண்டாடியவர்களில் அவரும் ஒருவராம். சொல்லி முடித்ததும் மகளுக்குத் தன் பையிலிருந்து ஒரு பழைய போட்டிக் கையேட்டை எடுத்துக் கொடுத்தார். அவள் இன்னும் அதை வைத்திருக்கிறாள்.

கிளப்பில் பெரும்பான்மைப் பங்கு டான்ஸ் டிரஸ்ட் என்ற ரசிகர் அமைப்பிடம் இருக்கிறது. சந்தா கட்டினால் உறுப்பினர், உறுப்பினர் என்றால் ஒரு வாக்கு. நம் ஊர்ச் சனசமூக நிலையம் நடக்கிற மாதிரிதான். அதனால் வாசலில் நிற்பவர், வழி சொல்பவர் என்று பலரிடம் வீட்டுக்கு வந்தவரைக் கவனிக்கிற தோரணை தெரியும். 2024 செப்டம்பரில் வாண்டில் ஆறு பெருகி மைதானத்தில் பெரிய குழி விழுந்தது. நியூகாசிலுடன் இங்கே நடக்க வேண்டிய கோப்பை ஆட்டம் அவர்கள் ஊருக்கே மாற்றப்பட்டது. அப்போதும் ரசிகர்கள் பணம் சேர்த்தார்கள். அதே பருவத்தின் முடிவில், 2025 மே மாதம், வெம்ப்ளியில் வால்சாலை 1-0 என்று வென்று, மேலிருந்து மூன்றாவது படியான லீக் ஒன்றுக்கு ஏறினார்கள்.

குறை சொல்ல வேண்டுமானால், ஆட்டத்தின் நேர்த்தியை எதிர்பார்த்துப் போகக் கூடாது. தொலைக்காட்சியில் பார்க்கிற மாதிரி முப்பது பாஸ் கோர்த்து ஆடமாட்டார்கள். உயரப் பந்து, மோதல், ஓட்டம், கார்னர், இப்படித்தான் பல ஆட்டங்கள். ஜனவரியில் காற்று எலும்பில் இறங்கும், கையுறை கட்டாயம். சாப்பாடு வழக்கமான பை, பர்கர், சிப்ஸ் வகைதான். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் அப்பர் டூட்டிங் ரோட்டில் ஒரு தோசை முடித்துவிட்டுப் போவது உத்தமம்.

டிக்கெட்டை கிளப்பின் இணையதளத்தில் எடுக்கலாம், பிள்ளைகளுக்குத் தனிச் சலுகை விலை உண்டு. இங்கிருந்து எடுத்துப்போன பழைய கிளப்தான் இன்றைய மில்டன் கீன்ஸ் அணி, அதன் பெயரில் இவர்களின் செல்லப் பெயரான 'டான்ஸ்' இருக்கிறது. அந்த அணியோடு ஒரே டிவிஷனில் இருக்கும் ஆண்டுகளில் அந்த ஆட்டத்துக்குச் சீக்கிரமே எடுத்துவிட வேண்டும். 2017இல் அந்த அணியின் முழுப் பெயரை ஸ்கோர் போர்டில் போடவில்லை என்று லீக் நிர்வாகம் இவர்கள்மேல் குற்றச்சாட்டே பதிந்தது, அவ்வளவு பகை. சின்னப் பிள்ளைகளோடு முதல் தடவை போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்த்து, வேறொரு சாதாரண சனிக்கிழமையைப் பாருங்கள். மூன்று மணி ஆட்டத்துக்கு இரண்டு மணிக்கே போய்விட்டால் ஆட்டக்காரர்கள் பயிற்சி எடுப்பதை வேலியோரம் நின்று பார்க்கலாம்.