கேஐ-67 சாயமா, கலப்பிரிவு எண்ணிக்கையா?

வெள்ளவத்தையில் ஒரு அக்கா, மாமியின் மார்பகப் பயொப்சி றிப்போட்டை அனுப்பியிருந்தா. "கேஐ-67 போடேல்லை, வெளியில காசு கட்டிச் செய்யட்டோ?" என்று கேள்வி. கேஐ-67 என்பது பெருகும் கலங்களின் கருவில் இருக்கும் ஒரு புரதம், அதைச் சாயமிட்டுப் பார்ப்பார்கள். கலப்பிரிவு எண்ணிக்கை என்பது நுணுக்குக்காட்டியில் பிரிந்துகொண்டிருக்கும் கலங்களை எண்ணுவது. கட்டிக் கலங்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதைத்தான் இரண்டும் பார்க்கின்றன.

செலவு
கலப்பிரிவு: தனிச் செலவில்லை. வழமையான ஊதா, இளஞ்சிவப்புச் சாயமிட்ட கண்ணாடியிலேயே எண்ணலாம். மார்பகப் புற்றுநோய்க்குப் போடும் நொட்டிங்ஹாம் தரத்தில் (கிறேட்) அது ஏற்கெனவே இருக்கும்.
கேஐ-67: தனிச் சாயம். காசும் நாளும் கூடும்.

எதைக் காட்டும்
கலப்பிரிவு: அந்தக் கணத்தில் பிரிகிற கலத்தை மட்டும்.
கேஐ-67: பிரிவுச் சக்கரத்துக்குள் வந்த எல்லாவற்றையும். அவற்றின் கரு மண்ணிறமாகும். ஓய்வில் கிடப்பவை நீலமாகவே நிற்கும்.

நம்பகம்
கலப்பிரிவு: ஊசியில் வருவது நூல் போன்ற இழையம், பிரிவுகள் குறைவாய்த்தான் அகப்படும். முழுக்கட்டியையும் வெட்டிப் பார்க்கும்போது தரம் ஏறுவதுண்டு.
கேஐ-67: 5 வீதமோ அதற்குக் குறைவோ, 30 வீதமோ அதற்குக் கூடவோ என்றால் பேச்சில்லை. இடையில்தான் வில்லங்கம்: ஒரே கண்ணாடியை ஒருவர் 14 என்பார், மற்றவர் 22 என்பார்.
எடுத்த இழையத்தை, அது பழுதாகாமல் காக்கும் ஃபோர்மலினில் போடச் சுணங்கினால் இரண்டுமே கெடும்.

ஹோர்மோன் ஏற்பி உள்ள, ஹேர்-2 (கலத்தை வளரத் தூண்டும் இன்னொரு ஏற்பி) இல்லாத ஆரம்பக் கட்டியில், கீமோ வேண்டுமா என்று தடுமாறினால் கேஐ-67க்குக் காசு கட்டலாம். மாமியின் றிப்போட்டில் ஈஸ்ரஜன், புரொஜெஸ்ரரோன், ஹேர்-2 என்ற மூன்று ஏற்பியும் இல்லை. அங்கே கீமோ முடிவை அந்த எண் பெரும்பாலும் மாற்றாது. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி கிளினிக்கில் கேட்டுவிட்டுச் செய்யுங்கோ, அக்கா.