டி.என்.ஏ. மாதிரிப் பெட்டி: பல கைகள் பட்ட பிறகு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிளஸ் டூ மாணவர்களுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். கொரோனா ஊரடங்கு தளர்ந்த சமயத்தில் புதுச்சேரியில் வாங்கிய பிளாஸ்டிக் டி.என்.ஏ. மாதிரிப் பெட்டி இன்னும் உழைக்கிறது. வாங்கிய சூட்டோடு எழுதினால் எல்லாப் பொருளும் நல்ல பொருள்தான். இது தேய்ந்த பெட்டியைப் பற்றியது.

இதில் எனக்குப் பிடித்தது சர்க்கரைத் துண்டு. ஐங்கோணம்; ஒரு முனையில் குமிழ், மறுமுனையில் குழி. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளில் எதிர் இழையைத் தலைகீழாகத் திருப்பினால்தான் காரங்கள் (இழைகளை நடுவில் இணைக்கும் அடினைன் போன்ற துண்டுகள்) பொருந்தும். இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்று மனப்பாடம் செய்யவைப்பதைவிட, பொருந்தாத துண்டோடு மாணவி கொஞ்ச நேரம் மல்லுக்கட்டுவது மேல். அடினைன், தைமின் இணைக்கு இரண்டு முளை. குவானைன், சைட்டோசின் இணைக்கு மூன்று. ஹைட்ரஜன் பிணைப்புகளின் கணக்கும் அதுவே. மூன்று முளை இணையைப் பிரித்தால் விரல் வலிக்கும். (காரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நிற்பதும் டி.என்.ஏ.வுக்கு உறுதி தருகிறது. அதைப் பிளாஸ்டிக் காட்டாது.)

பெரிய குறை, சுருளை எந்தப் பக்கமும் முறுக்கலாம். 1953இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் வடிவமாக முன்வைத்தது வலச்சுருள். இடப்பக்கம் முறுக்கி வைத்துவிட்டுப் பெருமையோடு நிமிரும் பையனைப் பெட்டி தடுப்பதில்லை. நடுக்கம்பி கடல் காற்றில் துருப்பிடித்தது. பித்தளைக் கம்பி மாற்றினேன்.

ஆர்.என்.ஏ.வுக்கு, தைமினுக்குப் பதிலாக வரும் யுராசில் துண்டு தனி நிறத்தில் உண்டு. சர்க்கரை மட்டும் டி.என்.ஏ.வுக்கான பழையதே. ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையான ரைபோஸில் கூடுதலாக ஒரு ஹைட்ராக்சில் (OH) இருக்கிறது, ஆர்.என்.ஏ. எளிதில் சிதைவதற்கு அது முக்கியக் காரணம். அந்த இடத்தில் நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்தேன்.

வைரஸுக்குத் துண்டு எதுவும் இல்லை, இந்தப் பெட்டியின் மேலட்டைப் படத்தில் மட்டுமே அது உண்டு. நெல்லிக்குப்பம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கரும்பு இலையில் வெளிர்பச்சைத் திட்டுகள் தெரியும். அதை உண்டாக்கும் மொசைக் வைரஸ் ஒற்றை இழை ஆர்.என்.ஏ.; அதைச் சுற்றி ஒரே வகைப் புரதம் திரும்பத் திரும்பச் சுருளாக அடுக்கியிருக்கும். அந்த ஆர்.என்.ஏ.வில் உள்ள மரபுக் குறிப்பு ஏறத்தாழ 10,000 எழுத்துதான் (ஒரு காரம் ஒரு எழுத்து). விதவிதமான உறைப் புரதங்களுக்கு அதில் இடம் ஏது? டி.என்.ஏ. உள்ள அடினோ வைரஸின் கூட்டுக்கு 20 முக்கோண முகங்கள். காலண்டர் அட்டையில் வெட்டி ஒட்டிக்கொண்டோம். கொரோனா வைரஸுக்குப் புரதத்துக்கு வெளியே கொழுப்பு உறையும் உண்டு, சோப்பு கரைப்பது அதைத்தான்.

நீட் வினாத்தாள் மட்டும் குறி என்றால் இது வேண்டாம். வகுப்பெடுப்பவர்கள் இரண்டு பெட்டியாக வாங்குங்கள். முளைகள் தொலையும், நான் வாங்கிய கடையில் உதிரி தனியாகத் தருவதில்லை.