ஏஐ ஆய்வுக் கருவிக்குச் சந்தா கட்டலாமா? கன்னியாகுமரிப் பக்கத்துக் கல்லூரி நூலகங்களுக்கு ஒரு பயன்பாட்டு அனுபவம்

கேள்வி கேட்டால் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி மேற்கோளோடு பதில் தரும் ஏஐ கருவியை இரண்டு கல்வியாண்டு ஓட்டிப் பார்த்ததில் தெரிவது இதுதான்: வாங்கலாம், ஆனால் கல்லூரி முழுமைக்கும் வேண்டாம். ரப்பர், மணவாளக்குறிச்சி மோனசைட் மணல், கடல்மீன் என்று ஆங்கிலக் கட்டுரைகள் குவிந்து கிடக்கும் துறைகளில் ஆய்வாளரின் ஆரம்பத் தேடல் வெகுவாகச் சுருங்குகிறது. தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியலுக்குக் கொடுத்த காசு வீண்.

குறை கருவியின் மூளையில் இல்லை, அது மேயும் கட்டுரைத் திரட்டில் இருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த ஸ்கோப்பஸ் ஏஐ, ஆய்வுச் சுருக்கங்களை வைத்துப் பதில் கட்டுவது. எலிசிட் என்ற இன்னொரு கருவி, செமான்டிக் ஸ்காலர் என்ற கட்டுரைத் திரட்டின் மேல் எழுந்தது. அந்த செமான்டிக் ஸ்காலர் இன்றும் இலவசம். விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது: முழுக்கட்டுரையைப் படிக்கிறதா, சுருக்கத்தை மட்டுமா? ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ரப்பர் ரகத்தில் பட்டை உலர்வு (வெட்டிய பட்டையில் பால் வராமல் போவது) பற்றிக் கேட்டால் வரும் பதிலில், பால் வெட்டு ஒன்றுவிட்ட நாளா, மூன்று நாளுக்கொருமுறையா என்பது பெரும்பாலும் இருக்காது. அது கட்டுரையின் உள்ளே அட்டவணையில் கிடக்கும். அது தெரியாமல் ஒப்பிட்டால் மொத்தமும் தப்பு.

உள்ளூர்க் கேள்வி ஒன்றைப் போட்டுப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். முன்சிறை அருகே பார்த்திவசேகரபுரத்தில் இருந்த ‘சாலை’ என்ற பழைய வேதக் கல்விக்கூடத்தில் எத்தனை சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, இடம்? ஆய் மன்னன் கருநந்தடக்கனின் 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேடு 95 என்கிறது. தமிழில் கேட்டபோது கருவி உள்ளே ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு, ‘சாலை’யை வண்டி போகிற சாலையாக்கி, பழைய வணிகப் பாதைகளைப் பற்றி மேற்கோளோடு ஒரு பத்தி தந்தது. ஆங்கிலத்தில் கேட்டால் ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டல் இன்னொரு தலைவலி: பார்த்திவபுரம், பார்த்திவசேகரபுரம், நடுவில் ‘க’வுக்கு ஒரு எழுத்தா இரண்டா என்று நாலைந்து வகை. ஒன்றில் கிடைப்பது மற்றதில் கிடைக்காது.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் திரட்டான சோத்கங்காவிலுள்ள தமிழ் ஆய்வேடுகளிலும் இதே கதை. பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் அது ஸ்கேன் படம். ஆங்கில எழுத்துக் குப்பை வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துரு. கருவி படிப்பதும் அதே குப்பையைத்தான். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றாயிற்று. ஆய்வேடு தட்டச்சு செய்யும் கடைகளுக்குத்தான் சேதி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

சோதனைக் காலம் வழக்கமாக 30 நாள். ஏப்ரல், மேயில் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஹாஸ்டலே காலியாக இருக்கும். 20 கேள்விகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: ஐந்துக்கு விடை தெரிந்திருக்க வேண்டும், மூன்றுக்கு விடையே இருக்கக் கூடாது. விடையில்லாததற்கும் சரளமாகப் பதில் சொல்லும் கருவியை அங்கேயே கழித்துவிடலாம். ஒவ்வொரு மேற்கோளிலும் மூன்று பார்க்க வேண்டும்: டிஓஐ (கட்டுரையின் நிலையான இணைய அடையாள எண்) திறக்கிறதா, கேள்விக்குப் பொருந்துகிறதா, சொன்ன சேதி கட்டுரையில் இருக்கிறதா. கற்பனைக் கட்டுரைகள் இப்போது அபூர்வம், வம்பெல்லாம் மூன்றாவதில். தவறு என்று இதழே திரும்பப் பெற்ற கட்டுரை ஒன்றையும் நடுவில் சொருகிப் பாருங்கள். அப்படிப்பட்ட கட்டுரைகளின் பட்டியலான ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவை, டிஓஐ பதிவு செய்யும் அமைப்பான கிராஸ்ரெஃப் 2023-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது, எச்சரிக்கை காட்டாத கருவிக்குச் சாக்கு கிடையாது.

ஒப்பந்தத்தில் விலையைவிட மூன்று வரிகள் முக்கியம். நாம் ஏற்றும் கோப்புகளை அவர்களுடைய ஏஐ மாதிரியைப் பயிற்றுவிக்க எடுப்பார்களா? ‘வரம்பில்லை’ என்று விளம்பரம் செய்துவிட்டு மாதாந்தர கிரெடிட் வரம்பை அடிக்குறிப்பில் வைத்திருக்கிறார்களா? அடுத்த ஆண்டு விலையேற்றத்துக்கு உச்சவரம்பு உண்டா? இதழ்ப் பதிப்பகத்தின் நிபந்தனையையும் சேர்த்துப் படியுங்கள். ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கிய பிறகு அரசுக் கல்லூரிகளுக்குச் சுமார் 13,000 இதழ்கள் கிடைக்கின்றன. அந்தக் கட்டுரைகளை வெளிக் கருவியில் ஏற்றலாமா என்பது தனிக் கேள்வி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஐபி முகவரி வழி, அதாவது கல்லூரி இணைய இணைப்பில் மட்டும், அனுமதி என்றால் களியக்காவிளை தாண்டி வீட்டுக்குப் போகிற ஆய்வாளருக்குச் சந்தா இல்லாத மாதிரிதான். கல்லூரிக் கணக்கால் எங்கிருந்தும் நுழைய வழிசெய்யும் இன்ஃபெட் உள்நுழைவு கேளுங்கள்.

பயன்பாட்டு அறிக்கையில் எத்தனை கேள்வி கேட்கப்பட்டது என்ற எண்ணிக்கை கொழுத்துத் தெரியும். அது ஏமாற்று. ஒரே ஆள் ஒரே கேள்வியைப் பத்து விதமாகக் கேட்டிருப்பார். மாதத்துக்கு எத்தனை வெவ்வேறு ஆள், மூன்றாவது மாதமும் வந்தவர் எத்தனை என்று கேட்டு வாங்குங்கள். இங்கே அது எப்போதும் முனைவர் பட்ட ஆய்வாளர்கள், இரண்டு மூன்று அறிவியல் ஆசிரியர்கள் அளவில்தான் நிற்கிறது. அவர்களுக்குப் பெயர் குறித்த உரிமம் போதும். மிச்சத் தொகையில் தமிழ்த்துறையின் பழைய ஆய்வேடுகளை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைத் தட்டச்சு எழுத்தாக்கும் மென்பொருள்) ஓட்டி, ஒருவரை உட்காரவைத்து மெய்ப்புப் பார்க்கலாம்.