அல்சூர் சலூனும் எட்டுப் படங்களும்

பெங்களூரில் அல்சூர் மெட்ரோவில் இறங்கி சோமேஸ்வரர் கோயில் பக்கம் நடந்தால், பஜாருக்குப் பிரியும் ஒரு சந்தில் இந்தக் கடை இருக்கிறது. பலகையில் பெயர் உதிர்ந்து பல வருஷமாகிறது. "ராஜா படம் மாட்டின சலூன்" என்று கேட்டால் பூக்காரம்மாவே கை காட்டுவார். மூன்று நாற்காலி, ஒரு பெஞ்சு, மேலே கிரீச்சிடும் ஃபேன். கட்டிங் 150, ஷேவிங் 80. செவ்வாய்க்கிழமை லீவு. ஆறு வருஷமாக இங்கேதான் தலையைக் கொடுக்கிறேன், அதனால் எழுத்தில் கொஞ்சம் பாசம் ஒட்டியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை வந்தது ஒரு விபத்தால்தான். சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு முந்தின நாள், ஒரு மாலில் ஏசி சலூனுக்குப் போய் மீசையை லேசாக ஒதுக்கச் சொன்னேன். பையன் ட்ரிம்மரை வைத்தான். இடது பக்கம் ஏறிவிட்டது. சமன் செய்கிறேன் என்று வலதைக் குறைத்தான், அப்புறம் மறுபடி இடது. 450 ரூபாயும் கொடுத்து, எறும்பு வரிசை மாதிரி ஒன்றை உதட்டுக்கு மேலே சுமந்துகொண்டு இந்தக் கடைக்குள் நுழைந்தேன். மாஸ்டர் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இதை எடுத்துடறதுதான் சார் மரியாதை" என்றார். நான் தயங்கினதும் சுவரில் இருந்த இளையராஜா படத்தைக் காட்டினார். "அவரே எடுத்துட்டாரு. உங்களுக்கென்ன?"

மற்ற கடைகளில் ஹேர்ஸ்டைல் மாடல்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் இங்கே இளையராஜா, வயது வரிசையில். முதல் படம் 1976-ல் சினிமாவுக்கு வந்த காலத்தை ஒட்டியது: அடர்ந்த முடி, அகலக் காலர் சட்டை, கறுகறுவென்று மீசை. கடைசிப் படத்தில் வெள்ளை ஜிப்பா, நெற்றியில் திருநீறு, வழவழவென்று மழித்த முகம். நடுவில் எங்கேயோ மீசை காணாமல் போகிறது. அது எந்த வருஷம் என்பது இந்தக் கடையில் தீராத வழக்கு.

வாதி, ரிட்டயரான ஒரு போஸ்ட்மாஸ்டர். மீசை வைத்திருந்தபோது போட்ட பாட்டுதான் பாட்டு என்பது அவர் கட்சி. வாழ்க்கையையே அந்தப் படங்களால்தான் கணக்கு வைத்திருக்கிறார்: "மூணாவது மீசை இருக்கே, அந்த வருஷம்தான் பெரியவ பொறந்தா." இரண்டாவது நாற்காலிப் பையன் ரகுமான் ஆள். அந்தச் சுருட்டை முடியைப் பற்றிப் பேசச் சொன்னால் சாயங்காலம் வரை பேசுவான். "மீசையா சார் மெட்டு போடுது?" என்று பெரியவரைச் சீண்டுவான். ஞாயிறு தோறும் வரும் கன்னடக்கார ஆட்டோ டிரைவர், உடைந்த தமிழில் வேறொரு வழக்குப் போடுவார்: "நம்ம கன்னட மியூசிக் டைரக்டர் ஜி.கே. வெங்கடேஷ் கிட்ட இளையராஜா அசிஸ்டென்டா இருந்தாரே, அப்பவே அவர் நம்மவரு. மீசையிலே பாதி எங்களுக்கு." அதற்கு யாரிடமும் பதில் கிடையாது, உண்மையும் அதுதானே.

ஒருநாள் சத்தம் அதிகமானபோது மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். அல்சூர் ஏரிக்கரையில் 1991-ல் கொண்டுவந்து வைத்த வள்ளுவர் சிலையைத் திறந்தது 2009 ஆகஸ்ட் 9-ம் தேதி. "ஒரு தாடியைப் பார்க்கவே இந்த ஊர்ல 18 வருஷம் காத்திருந்தோம். ஒரு மீசை போன தேதிக்கு என்ன அவசரம்?"

சரி, வேலைக்கு வருகிறேன். ஷேவிங்கில் இவரை அடிக்க ஆளில்லை. ஒவ்வொருவருக்கும் கண் முன்னால் புது பிளேடை உடைத்துப் பாதியைக் கத்தியில் பொருத்துவார். வெந்நீர் தொட்டு, பிரஷ்ஷால் நுரை கட்டி, முதலில் முடி வளரும் திசையில் ஒரு தடவை, பிறகு எதிரில் ஒரு தடவை. தாடைக்குக் கீழே மட்டும் எதிர்த்து இழுக்க மாட்டார், அங்கே முடி உள்ளுக்குள் வளைந்து கட்டி வரும் என்பார். கடைசியில் படிகாரம். எரியும், ஆனால் கசியும் ரத்தம் நின்றுவிடும். நான் முதல் படத்து மீசையைக் கேட்டபோது கண்டிப்பாக மறுத்துவிட்டார். மீசை ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர்கூட வளராதாம், ஒரு மாசம் தொடாமல் வந்தால் யோசிக்கலாமாம். "உங்க மேலுதடு குட்டை சார்" என்று கூடுதலாக ஒரு குத்து. காசுக்காக எதையாவது செய்துவிடும் ஆள் இல்லை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

குறை உண்டு. துண்டு புதிதா என்று கேட்டு வாங்க வேண்டும். மசாஜ் சுமார், தலையில் தபேலா வாசிக்கிறார். பெரிய குறை நேரம். வாதம் சூடானால் மாஸ்டர் கத்தியைக் கையில் பிடித்தபடி திரும்பிவிடுவார், நாம் பாதி நுரையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போது வாயைத் திறக்காதீர்கள். கத்தி தொண்டைப் பக்கம் இருப்பவனுக்குக் கருத்துச் சுதந்திரம் கிடையாது.

2025 மார்ச் 9, ஞாயிறு. முந்தின நாள்தான் லண்டனில் 81 வயதில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியிருந்தது. எனக்கு முன்னால் ஒன்பது பேர், யாருக்கும் அவசரமில்லை. மாஸ்டர் எட்டாவது படத்துக்கு இடம் தேடி, நகைக்கடை காலண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். போஸ்ட்மாஸ்டர் பையனின் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "அந்த மேலுதட்டைக் கொஞ்சம் பெரிசாக்குடா" என்றார். பெரிசாக்கினான். ரொம்ப நேரம் பார்த்தார்.

என் முறை வர இரண்டு மணி நேரம் ஆனது. புதன்கிழமை காலை எட்டுக்குப் போனால் இருபது நிமிஷம்தான்.