விழிப்பிலா, மயக்கத்திலா? பார்க்கின்சனுக்கான டிபிஎஸ் அறுவையின் இரு வழிகள்

டிபிஎஸ் என்னும் மூளை ஆழத் தூண்டல், மூளைக்குள் கம்பி வைத்து மின்சாரம் கொடுத்து பார்க்கின்சன் நோயின் நடுக்கத்தையும் விறைப்பையும் குறைக்கும் முறை. அதில் பெரும்பாலும் குறிவைக்கப்படும் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற நரம்பணுத் திரள் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ளது. அதிலும் கைகால் இயக்கத்துக்கு உரியது மேற்புறமாகப் பின்பக்கத்து வெளியோரம் மட்டும். 1.27 மி.மீ. தடிமனுள்ள மின்முனைக் கம்பி அங்கேதான் போய் உட்கார வேண்டும். இரண்டு மூன்று மி.மீ. வெளியே தள்ளிப்போனால் முகம் இழுக்கும், பேச்சு குழறும். உள்ளே போனால் கண் ஒருபக்கம் திரும்பி, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும். பின்னால் போனால் கையில் மதமதப்பு ஓயாது.

இடத்தை உறுதிசெய்ய மூளையின் மின்னொலியைக் கேட்பது ஒரு வழி. படத்தை நம்புவது இன்னொரு வழி.

முதலாவது, பிரான்சின் கிரெனோபிள் நகரில் நரம்பியல் அறுவை மருத்துவர் பெனாபிட்டின் குழு 1993இல் இந்த இடத்தில் முதன்முதலாக மின்முனை வைத்த காலத்திலிருந்து வருவது. நோயாளி விழித்திருப்பார். முந்தைய இரவே பார்க்கின்சன் மருந்தான லீவோடோபா நிறுத்தப்படும். விறைப்பு வெளிப்பட்டால்தானே அது குறைகிறதா என்று பார்க்க முடியும்! மரத்துப்போகும் ஊசி போட்டு, நான்கு திருகுகளால் தலையில் சட்டம் பொருத்துவார்கள். மண்டையோட்டில் துளையிட்டு, இலக்குக்கு 10 மி.மீ. மேலிருந்து நுண்மின்முனைகளை அரை மி.மீ. அரை மி.மீ. ஆக இறக்குவார்கள். அவை பிடிக்கும் மின்துடிப்பு ஒலிபெருக்கியில் கேட்கும்: முதலில் வழியிலுள்ள தலாமஸ் என்ற மூளைப் பகுதியின் தெறிப்பொலி, பிறகு சற்று அமைதி. திடீரென்று பின்னணி இரைச்சல் அடர்ந்து, ஒழுங்கற்ற வெடிப்புகள் கேட்கும்: நியூக்ளியஸ் வந்துவிட்டது. அதைத் தாண்டினால் கீழேயுள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதியின் சீரான வேகத் துடிப்பு. பிறகு 130 ஹெர்ட்ஸ், 60 மைக்ரோவினாடி அளவில் மின்சாரம் கொடுத்து, நரம்பியல் மருத்துவர் நோயாளியின் மணிக்கட்டைச் சுழற்றிப் பார்ப்பார். பல்சக்கரம் போல இடறிய மணிக்கட்டு வழுவழுவென்று சுற்றும்.

மயக்கத்தில் செய்யும்போது இந்தச் சோதனை இல்லை. எனவே பெரும்பாரம் எம்ஆர்ஐ மேல் விழுகிறது. நியூக்ளியஸில் இரும்புச் சத்து மிகுதி என்பதால் டி2 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் அது கறுப்பாகத் தெரியும். காந்த வலிமை கூடிய 3 டெஸ்லா கருவியில் எல்லைகள் இன்னும் தெளிவு. வெட்டுகள் இடைவெளி இல்லாமல், 2 மி.மீ. தடிமனுக்கு மிகாமல் இருக்க வேண்டும். நடுக்கத்தால் படம் கலங்கினால் சமாளித்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது; தூக்க மருந்து கொடுத்து மறுபடி எடுப்பதே முறை. எம்ஆர்ஐயையும் சட்டத்தோடு எடுத்த சிடியையும் கணினியில் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தும்போது வென்ட்ரிக்கிள்களின் (மூளைக்குள் நீர் நிறைந்த அறைகளின்) ஓரங்கள் ஒத்துப்போகின்றனவா என்று கண்ணால் சரிபார்க்க வேண்டும். இங்கே ஒரு மி.மீ. பிசகினால் அறுவை முழுக்க அந்தப் பிசகு கூடவே வரும். மின்முனை வைத்ததும், தலையை மூடுவதற்கு முன்பே சிடி அல்லது எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து, 2 மி.மீ.க்கு மேல் விலகியிருந்தால் மாற்றி வைப்பது நல்லது.

விழிப்பு முறையிலும் தொல்லைகள் உண்டு. துளை நெடுநேரம் திறந்திருந்தால் மூளைத் தண்டுவட நீர் வடிந்து காற்று புகும். மூளை சற்றே அமிழ்ந்து, மூளையின் இரண்டாவது பக்கத்தில் கம்பி வைப்பதற்கான கணக்கு தவறும். நுண்மின்முனை இறங்கும் ஒவ்வொரு தடமும் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். கம்பி நுழைந்த அதிர்விலேயே நடுக்கம் தற்காலிகமாக நின்றுவிடுவதும் உண்டு. அப்போது எதை வைத்துச் சோதிப்பது?

ஆம்ஸ்டர்டாமில் 110 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில் சிந்தனை, மனநிலை, நடத்தை சார்ந்த பக்கவிளைவுகளில் இரு முறைகளுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இயக்க முன்னேற்றமும் ஒத்திருந்தது. ஆனால் அது ஒப்பிட்டது மயக்கத்தையும் விழிப்பையும்தான்; மூளையின் மின்னொலிப் பதிவு இரு தரப்பிலும் இருந்தது. மின்பதிவை அடியோடு விட்டுவிடலாமா என்பது வேறு கேள்வி.

மருந்தில்லாமல் கிடந்தால் வலியோடு கால் முறுக்கிக்கொள்பவர், மூச்சுத் திணறுபவர், பயத்தில் படபடப்பவர் ஆகியோரை விழிப்பில் மணிக்கணக்காகக் கிடத்துவது கொடுமை. அவர்களுக்கு மயக்கமே சரி. நடுக்கமே முதன்மைத் தொல்லையாக இருந்து, படத்தில் நியூக்ளியஸின் எல்லை மங்கலாக இருப்பவருக்கு விழிப்பு முறையே என் தேர்வு. எந்த முறையானாலும், “அறுவைக்குப் பிந்தைய படத்தில் உங்கள் மின்முனைகள் இலக்கிலிருந்து சராசரியாக எத்தனை மி.மீ. விலகுகின்றன?” என்று அறுவைக் குழுவிடம் கேளுங்கள். ஒழுங்காக அளந்துவரும் குழுவிடம் அந்த எண் இருக்கும். அறுவைக்குப் பின் எடுக்கும் சிடியின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில வாரம் கழித்துத் தூண்டலை அமைக்கும்போது, கம்பியின் நுனியிலுள்ள எந்தத் தொடுமுனையில் தொடங்குவது என்பதை முடிவுசெய்ய அது உதவும்.