கவுனுக்கு எந்த லேஸ்? சான்டிலி, கார்டட், கிப்யூர்: தைக்கிறவர்களின் மதிப்பீடு

கல்யாண கவுனுக்கு லேஸ் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் பூ டிசைனைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். தைக்கிறவர் கண்ணுக்கு முதலில் படுவது வேறு. இதை வெட்டினால் ஓரம் நிற்குமா? தையல் வெளியே தெரியுமா? கடையில் அதிகம் கிடைக்கும் மூன்று வகை லேஸையும் இந்த இரண்டு கேள்விகளை வைத்தே எடை போட்டிருக்கிறோம்.

சான்டிலியில் நெட் மிக மெல்லியது. பூ நிழல் விழுந்தாற்போல இருக்கும், அதைச் சுற்றி ஒரு நூல் கோடு ஓடும். ஓரத்து வளைவுகளின் நுனியில் கண்ணிமை மாதிரி நூல் நீட்டிக்கொண்டிருக்கும். பிரான்சில் காலே, கோத்ரி ஊர்களில் இன்றும் இதை லீவர்ஸ் தறியில் நெய்கிறார்கள். 1813இல் நாட்டிங்ஹாமில் ஜான் லீவர்ஸ் உருவாக்கிய எந்திரத்தின் வழிவந்த தறி அது. கைக்கும் தலையில் போடும் நெட்டுக்கும் சான்டிலியை மிஞ்ச ஆளில்லை. உடம்பைப் பிடித்து நிற்கும் மேல்பகுதிக்கு மட்டும் தனியாகப் போடாதீர்கள். டார்ட் (உடல் வடிவுக்காகப் பிடிக்கும் மடிப்புத் தையல்) இழுக்கும் இடத்தில் நெட்டின் கண் விரியும், கையைத் தூக்கும்போது அக்குள் தையலில் கிழியும். போட்டே ஆகவேண்டும் என்றால் அடியில் ஆர்கன்சா என்ற மெல்லிய விறைப்பான துணியோ நைலான் நெட்டோ வைத்து, இரண்டையும் ஒரே துணிபோல இழையோட்டிவிட்டுத்தான் தைக்க வேண்டும்.

கார்டட் லேஸில் ஒவ்வொரு இதழின் விளிம்பிலும் ‘கார்ட்’ எனும் தடித்த நூல் ஓடும். கடைக்காரர் இதை ‘அலான்சோன்’ என்பார். பிரான்சில் அலான்சோன் ஊரில் செய்யப்படும் அசல் லேஸ் ஊசியால் கையிலேயே இழைப்பது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம் பிடிக்கும் அந்தக் கைவேலை 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மீட்டர் கணக்கில் விற்பது எந்திர லேஸ்தான், பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் மூன்றில் எங்கள் முதல் மதிப்பெண் இதற்கே. அந்தத் தடித்த நூல் வெட்டிய ஓரத்துக்கு வரப்பு போல நிற்கிறது. அதனால் பக்கத் தையலையே கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடலாம்.

செய்முறை இது. பேட்டர்னின் (துணி வெட்ட வைக்கும் அளவு வடிவம்) தையல் கோட்டை லேஸில் கலர் நூலால் இழையோட்டிக் குறியுங்கள். வெட்டும்போது கோட்டின் மேல் வெட்டாமல், கோட்டைத் தாண்டி நீளும் பூக்களை முழுதாக விட்டு, அவற்றைச் சுற்றி வெட்டுங்கள். முன் துண்டின் பூக்கள் பின் துண்டின் மேல் விழும்படி இரண்டு கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் குத்தூசி போடுங்கள். 10ஆம் நம்பர் கை ஊசியில் ஒற்றை நூல் கோத்து, கார்டை ஒட்டியே பொடித் தையலாகப் போய் வாருங்கள். பிறகு திருப்பி, அடியில் இருக்கும் உபரி நெட்டை 3 மி.மீ. விட்டு நறுக்குங்கள். கத்தரி கார்டில் பட்டுவிட்டால் அந்த நுனியை உடனே பின்பக்கம் மடித்து இரண்டு தையல் போட்டுவிட வேண்டும். அப்படியே விட்டால் யாராவது அதை நூல் பிசிறு என்று நினைத்து இழுப்பார்கள், பூவின் விளிம்பு முழுக்க உருவிக்கொண்டு வரும்.

2011இல் பிரிட்டிஷ் இளவரசர் வில்லியமை மணந்த கேட் மிடில்டனின் கல்யாண கவுனுக்கும் லேஸ் பூக்களை வெட்டி நெட்டின் மேல் கையால்தான் தைத்தார்கள். ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க் என்ற எம்பிராய்டரிப் பள்ளியின் ஆட்கள் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கை கழுவினார்கள், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி மாற்றினார்கள். நம் ஊர் வெக்கைக்கு அந்தப் பழக்கம் இன்னும் அவசியம். வேர்வை பட்டுக் கறுத்த ஊசி வெள்ளை நெட்டில் புள்ளி வைத்துவிடும்.

கிப்யூருக்கு, அதாவது கெமிக்கல் லேஸுக்கு, நெட்டே கிடையாது. கரையும் துணியின் மேல் எம்பிராய்டரி போட்டு, பிறகு அந்தத் துணியைக் கரைத்துவிடுகிறார்கள். பூக்களைச் சேர்த்துப் பிடிப்பது நூல் பாலங்கள் மட்டுமே. கழுத்து, இடுப்புப் பட்டை, கை நுனி இவற்றுக்கு எடுப்பாக இருக்கும். முழுப் பாவாடைக்குப் போட்டால் பாரம் தாங்காமல் நீளம் இறங்கிவிடும். கைக்கு அட்டை மாதிரி விறைத்தால் கரையாத மிச்சம் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். வெதுவெதுப்பான நீரில் அலசினால் இளகும்.

எந்த வகையானாலும் பலரும் கோட்டைவிடுவது அளவில். பிரெஞ்சு லேஸ் பெரும்பாலும் சுமார் 90 செ.மீ. அகலத்தில், 3 மீட்டர் துண்டாக வரும். வளைவு ஓரத்தைக் கீழ்விளிம்பாக வைத்தால் அந்த 90தான் பாவாடையின் உயரம். இடுப்பிலிருந்து தரைவரை 105 செ.மீ. தேவை என்றால் மேலே 15 செ.மீ. குறையும். அதை மேல்பகுதியிலிருந்து இறங்கும் பூக்களால் மூடலாம், ஆனால் அந்தப் பூக்களுக்கும் சேர்த்து லேஸ் வாங்கியிருக்க வேண்டும். இடுப்பிலிருந்து கீழே விரிந்துகொண்டே போகும் ஏ-லைன் பாவாடையின் கீழ்விளிம்பு வளைவாக ஓடும், லேஸின் ஓரமோ நேராக ஓடும். ஓரத்தைப் பூக்களை ஒட்டித் தனியே வெட்டி, வளைவுக்கு ஏற்ப ஒன்றின் மேல் ஒன்று ஏற்றித் தைக்க வேண்டும். அதற்குத் தனியாக அரை மீட்டர் கணக்கு வையுங்கள்.

மெஷினில் 9ஆம் நம்பர் ஊசி, 2 மி.மீ. தையல். அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்தால் நெட்டை ஓட்டைக்குள் இழுக்காது. மணி வைத்த லேஸ் என்றால் தையல் ஓடும் இடத்து மணிகளை முதலில் கொறடால் உடைத்து எடுங்கள். அயர்ன் போட டர்க்கி டவல் மேல் பூ கீழே பார்க்கும்படி வைத்து, குறைந்த சூட்டில். நைலான் நெட் சூட்டில் சுருங்கிவிடும்.

கடைசியாக நிறம். ஹாஃப் ஒயிட் என்பது கடைக்குக் கடை வேறு. லைனிங் துணியைக் கையோடு கொண்டுபோய், லேஸை அதன் மேல் போட்டு, வாசல் வெளிச்சத்தில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். லைனிங்கும் லேஸும் ஒரே வெள்ளையாக இருந்தால் டிசைன் அங்கேயே மறைந்துவிடும், போட்டோவிலும் வராது. லைனிங்கை ஒரு சாயல் கூட்டி, ஷாம்பெயின் அல்லது தோல் நிறத்தில் வைத்துப் பார்த்தால் அதே லேஸின் ஒவ்வொரு இதழும் எழுந்து நிற்கும்.